ஸ்லைடை இழுத்த கை

மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு காலையில், கையில் கறுப்புப் பெட்டியும் முகத்தில் அதைவிடக் கறுத்த கவலையுமாக டிரம்பெட்காரர் வந்து சேர்ந்தார்.

துப்பறிவாளரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் அழைப்பார்கள். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்று அவர் மனைவியே சொல்வாள். அவளுடைய தம்பி, கடிகாரம் பழுது பார்ப்பவர், நேர் எதிர். வழக்கு என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், கடையைச் சாத்திவிட்டு அத்தான் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவார். அன்றைக்கும் வந்தவருக்கு நாற்காலி போட்டவர் அவர்தான்.

"என் தம்பி என் பிழைப்புல மண்ணைப் போடறான் சார்" என்று ஆரம்பித்தார் டிரம்பெட்காரர். "ஒரே பேண்ட்ல வாசிக்கறோம். நான் முதல் நாற்காலி, முக்கியமான பாகமெல்லாம் எனக்கு. அவன் ரெண்டாவது. நாலு மாசமா எனக்குச் சுருதி சேர மாட்டேங்குது. பேண்ட் மாஸ்டர் பாதியில கையை நிறுத்திட்டு என்னைப் பார்க்கறார். 'சுருதி'ன்னு ஒரே வார்த்தை. இருபத்தாறு வருஷமா வாசிக்கறவன் சார் நான். மானம் போகுது."

"ஏறுதா, இறங்குதா?" என்றார் நிதானம்.

"நான் இறங்கிப் போறேன். மத்தவங்க எல்லாம் மேல நிக்கறாங்க. உதட்டை இறுக்கி இறுக்கி எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கு."

"குளிர்ல சுருதி இறங்கும், ஊத ஊதச் சூடாகி ஏறும்னு கேள்விப்பட்டிருக்கேன். உதடு களைச்சாலும் அலையுமாமே?"

"அதெல்லாம் எங்களுக்குத் தண்ணிபட்ட பாடு. இது முதல் வரியிலேயே தொடங்கிடுது. ஆனா வீட்டுல தனியா சுருதி மெஷின் முன்னாடி வாசிச்சா, முள்ளு நட்டநடுவுல நிக்குது. அப்போ கோளாறு எங்க? பேண்ட் ஹால்ல!" அவர் பெட்டியைத் திறந்து, வளைந்த ஒரு குழாயைத் தொட்டுக் காட்டினார். "இது ஸ்லைடு. வெளிய இழுத்தா சுருதி இறங்கும், உள்ள தள்ளினா ஏறும். எனக்குச் சரியான இடத்துல ஊசியால ஒரு கீறல் போட்டு வெச்சிருக்கேன். தொல்லை தொடங்கினதும் பார்த்தேன். கீறல் சரியாத்தான் இருந்தது. மூணு மாசம் தினமும் பார்த்துட்டு, உதட்டுலதான் கோளாறுன்னு விட்டுட்டேன். போன வாரம் வாத்தியத்தைத் துடைக்கறேன், ஒரு நூல் அளவு வெளிய இழுத்திருக்கு! சரி பண்ணி வெச்சாலும் தினமும் இடைவேளையில யாரோ இழுக்கறாங்க."

"தம்பிதான்னு எப்படிச் சொல்றீங்க?" கடிகாரக்காரரால் சும்மா இருக்க முடியவில்லை.

"இடைவேளையில வாத்தியத்தைப் பெட்டி அறையில பூட்டி வைப்போம். அதோட சாவி எங்க ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. இன்னிக்கு நாலு மணிக்கு மாஸ்டர்கிட்ட புகார் கொடுக்கறேன். அவனை வேலையை விட்டுத் தூக்கணும். சாட்சி கேப்பார், நீங்கதான் பிடிச்சுக் கொடுக்கணும்." கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. கூடப் பிறந்தவன் மேல் புகார் எழுதுவது லேசான காரியமா என்ன?

அப்போது சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்தது. டிரம்பெட்காரர் முகத்தைச் சுளித்தார். "உங்க கடிகாரம் ரெண்டு குரல்ல அடிக்குது சார். யார்கிட்டயாவது காட்டுங்க."

கடிகாரக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. போன வாரம்தான் அதைக் கழற்றித் துடைத்து மாட்டியிருந்தார். "ஒரே மணி, ஒரே சுத்தி. ரெண்டாவது குரல் எங்கேர்ந்துங்க வரும்?"

"விடுங்க மாப்ளே" என்றார் நிதானம். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, இருவரையும் அழைத்துக்கொண்டு பேண்ட் ஹாலுக்குக் கிளம்பினார்.

பேண்ட் ஹாலில் பகல் பன்னிரண்டுக்கே விளக்குப் போட்டிருந்தார்கள். கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. டிரம்பெட்காரர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மற்ற எல்லோரும் அவருக்கு வலப்பக்கம். வலது தோளுக்குப் பின்னாலேயே பெரிய பித்தளைத் தட்டுகளை மோதுகிறவர் நின்றார். அவர் ஒருமுறை மோதியதும் கடிகாரக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். பதினைந்து வருஷமாக டிரம்பெட்காரருக்கும் தட்டுக்காரருக்கும் அதே இடம்தானாம்.

இடைவேளையில் நிதானம் பேண்ட் மாஸ்டரிடம் கேட்டார்: "இவருக்கு என்னதான் ஆகுது?"

"ஏறிடறார் சார். ஒரு ஸ்வரத்தைத் தொடும்போது சரியா இருக்கும். நிக்க நிக்க மேல போகும். மாசத்துக்கு மாசம் ஜாஸ்தி ஆகுது. இந்த ரெண்டு வாரமாத்தான் கொஞ்சம் தேவலை."

"ஏறுறீங்கன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

மாஸ்டர் மென்று விழுங்கினார். "மூத்தவர் சார். சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி ஏறுது, இறங்குதுன்னு பாடம் நடத்த முடியுமா? 'சுருதி'ன்னா போதும், அவங்களே சரி பண்ணிக்குவாங்க. இங்க அதுதான் வழக்கம்."

இதற்குள் கடிகாரக்காரர், டிரம்பெட்காரர் திறந்துவிட்ட பெட்டி அறைக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். டிரம்பெட்காரரின் தம்பி வந்தார். நாற்பதைத் தாண்டிய, தோள் ஒடுங்கிய மனிதர். அண்ணனுடைய டிரம்பெட்டை எடுத்து, ஸ்லைடை மெல்ல நகர்த்தினார். கடிகாரக்காரர் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "மாட்டிக்கிட்டீங்களா!"

தம்பி திமிறவில்லை. "ஆமா, நான்தான்" என்றார். நேரே மாஸ்டர் அறைக்குப் போனார், ஒரு தாள் கேட்டு வாங்கி, 'ஸ்லைடை நகர்த்தியது நான்தான். என்னை வேலையிலிருந்து நீக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காரணம் கேட்டதற்கு வாயே திறக்கவில்லை.

"கையும் களவுமா பிடிச்சுட்டேன் அத்தான்!" கடிகாரக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"சபாஷ். உள்ள தள்ளினாரா, வெளிய இழுத்தாரா?"

"வெளியதான். அதுல என்ன இருக்கு?"

"எல்லாமே அதுலதான் மாப்ளே இருக்கு."

நிதானம் எல்லோரையும் ஹாலின் பழைய பியானோவைச் சுற்றி நிற்கவைத்தார். புகாரோடு தயாராக நின்ற அண்ணன், தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை.

"தொல்லை தொடங்கி நாலு மாசம். ஸ்லைடு நகர ஆரம்பிச்சு ரெண்டு வாரம்தான் ஆகுது. திருட்டு முதல்ல போய், திருடன் அப்புறமா வருவானா?" என்றார் நிதானம். "ஸ்லைடு தப்பா இருந்தா, தொட்டதுமே ஸ்வரம் தப்பா விழணும். இவருக்குச் சரியா விழுந்து அப்புறம்தான் நகருது. நகர்த்தறது குழாய் இல்லை, உதடு. உதட்டுக்கு உத்தரவு போடறது யாரு?"

நிதானம் தன் காதைத் தட்டிக் காட்டினார்.

"இவர், தான் இறங்கறதாச் சொல்றார். மாஸ்டர், இவர் ஏறறதாச் சொல்றார். வீட்டுல எட்டிப் பிடிக்க வேற வாத்தியம் இல்லை, அதனால சுருதி சுத்தம். இங்க எல்லாரும் இவருக்கு வலப்பக்கம், அவங்க மேல நிக்கற மாதிரி இவருக்குத் தோணுது. எட்டிப் பிடிக்கறார். எங்க வீட்டுக் கடிகாரத்துக்கு ஒரே மணிதான், இவருக்கு அதுவும் ரெண்டா கேட்டது." அவர் டிரம்பெட்காரரின் பக்கம் திரும்பினார். "ஐயா, வலது காதைப் பொத்திக்குங்க. மாஸ்டர், ஒரு கட்டையை விடாம அடிச்சுக்கிட்டே இருங்க."

மாஸ்டர் அடித்தார்.

"இப்போ இடது காதைப் பொத்துங்க."

டிரம்பெட்காரர் கை மாற்றினார். உடனே, "அடுத்த கட்டையை அடிக்கறீங்க. மேல போயிட்டீங்க" என்றார்.

மாஸ்டர் விரலை மாற்றவே இல்லை. அது அதே கட்டையில்தான் தட்டிக்கொண்டிருந்தது. டிரம்பெட்காரர் அந்த விரலைப் பார்த்தார். காதிலிருந்து கையை எடுத்தார், மறுபடி பொத்தினார், மறுபடி எடுத்தார்.

"பதினைஞ்சு வருஷத் தட்டுச் சத்தத்துல வலது காது பழுதாயிருக்கு ஐயா. அதுக்கு எல்லாச் சத்தமும் கொஞ்சம் உசந்து கேக்குது. டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும்" என்றார் நிதானம் மெதுவாக. "உங்களைக் கெடுக்க நினைச்சவன் ஸ்லைடை உள்ள தள்ளியிருப்பான். ஏறுற ஆளை இன்னும் ஏத்திவிட. இவர் வெளிய இழுத்தார். நீங்க ஏறினாலும் மத்தவங்களுக்குத் தெரியாம இருக்கட்டும்னு, தாங்கிப் பிடிச்சார்."

கடிகாரக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தான் பிடித்த கை எப்படிப்பட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

"ஏன்டா சொல்லல?" என்றார் அண்ணன்.

"எப்படிண்ணா சொல்றது?" தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உனக்குக் காது போச்சுன்னு என் வாயால சொல்லணுமா? அதுக்கு நான் திருட்டுப் பயலாவே போயிடலாம்னு நினைச்சேன்."

அண்ணன் தன் புகாரை நான்காகக் கிழித்தார். மாஸ்டர் கையிலிருந்த தம்பியின் தாளை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில் நின்றபடியே எழுதினார்: 'என் வலது காது கெட்டுவிட்டது. நான் முதல் நாற்காலியை விடுகிறேன். என் தம்பி மேல் எந்தக் குற்றமும் இல்லை.' கையெழுத்து கோணிக்கொண்டு போனது.

"வேணாம்ணா" என்று தம்பி அழுதுவிட்டார்.

"போய் உக்காருடா. இடைவேளை முடிஞ்சு எவ்வளவு நேரம் ஆச்சு! எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க இல்ல?"

ஒத்திகை மறுபடி தொடங்கியது. டிரம்பெட்காரர் வாசலோரம் கடிகாரக்காரருக்குப் பக்கத்தில் நின்றார். ஓரத்து நாற்காலியிலிருந்து தம்பி தனியாக ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பிடித்தார். அண்ணன் கண்ணை மூடி, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு சங்கீதத்தின் அரிச்சுவடி கூடத் தெரியாத கடிகாரக்காரரின் தோளைத் தொட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"என் தம்பி சரியா வாசிக்கறானாங்க?"