சிவப்புக் காரின் ஹாரன்

எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் கணவாயில் ஒரு பெரிய கற்குவியல் உண்டு. ஓவோ என்போம். அதன் உச்சியில் நீலத் துணிகள் கட்டியிருக்கும். அந்த இடத்தை எட்டும் எந்த ஓட்டுநரும் ஹாரன் அடித்து மலைக்கு மரியாதை செய்துவிட்டுத்தான் இறங்குவார். அதனால் மேலிருந்து ஹாரன் கேட்டால் நாங்கள் யாரும் தலையைத் திருப்ப மாட்டோம். அடுப்பில் தேநீரை மட்டும் ஏற்றிவிடுவோம். கொஞ்ச நேரத்தில் வண்டி ஊருக்குள் வந்துவிடும்.

அந்த வியாழக்கிழமை மாலை மேலே ஹாரன் கேட்டது. செல்மெக்கின் அம்மா உப்புப் போட்ட பால் தேநீரை அடுப்பில் வைத்தார். தேநீர் கொதித்தது, பிறகு ஆறியும் போனது. வண்டி வரவில்லை.

செல்மெக் மேசையில் குனிந்து பேச்சு எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. திங்கட்கிழமை வகுப்பில் விவாதம். நன்கொடை திரட்டுவதற்காக நெடுந்தூரம் கார் ஓட்டி வருகிறவர்கள் வரலாமா, கூடாதா என்பது தலைப்பு.

கோடைதோறும் ஐரோப்பாவிலிருந்து சிலர் ஓட்டை உடைசல் கார்களில் கிளம்பி, பாதி உலகத்தைக் கடந்து எங்கள் மங்கோலியாவுக்கு வருவார்கள். இவ்வளவு தூரம் ஓட்டுகிறோம், அதற்காக நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பணம் கொடுங்கள் என்று சொந்த ஊரில் கேட்டு வாங்கியிருப்பார்கள். மலையைச் சுற்றிப் புதிய தார்ச் சாலை வந்துவிட்டது. எங்கள் ஊர் வண்டிகள் அதில்தான் போகும். இவர்கள் மட்டும் பழைய கணவாய் வழியாகவே வருவார்கள். மோசமான சாலை என்றால் அப்படி ஒரு ஆசை. பிள்ளைகள் அவர்களுக்குத் தூசிக்காரர்கள் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வரலாம் என்ற அணிக்கு சன்சார் என்ற பையன் தலைவன். வரக்கூடாது என்ற அணிக்கு செல்மெக். அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. போன கோடையில், அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆட்டுக்குட்டி ஒரு தூசிக்காரரின் காரில் அடிபட்டுச் செத்தது. அவர்கள் இறங்கி வந்து அவள் தலையைத் தடவி, ஒரு பை மிட்டாய் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவள் அந்த மிட்டாயைத் தொடவில்லை. அவளுடைய அண்ணன் துல்கூன் தின்றான்.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்போது மறுபடியும் ஹாரன் கேட்டது. மலை முழுவதும் மூடுபனி. ஓவோ தெரியவில்லை. கணவாய் தெரியவில்லை. அந்தச் சத்தம் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து நீளமாக வந்தது. எல்லோரும் நின்று பார்த்தார்கள். வண்டி இறங்கவே இல்லை.

"இந்த மாசத்துல எந்தத் தூசிக்காரன் வருவான்? அவங்க எல்லாரும் போயாச்சே" என்றான் சன்சார்.

எல்லோருக்கும் ஒரே நினைப்புதான் வந்திருந்தது. சிவப்புக் கார்.

அதைப் பற்றிச் சொல்ல எங்களுக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. போன ஆண்டு இரண்டு இளைஞர்கள் தங்கள் சிவப்புக் கார் கெட்டுப்போனதும், ஊரிலிருந்து மலை ஏறும் பாதையின் முதல் வளைவிலேயே அதை விட்டுவிட்டு வேறொரு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தோம். பிறகு ஆளுக்கொன்றாகக் கழற்றினோம். கடைக்காரர் தம்தின் மாமா முன் இருக்கையைக் கொண்டுபோய்க் கல்லாவுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். கண்ணாடி முடிவெட்டும் கடைக்குப் போனது. ஒரு கதவு ஒருவர் வீட்டு வேலியில் கதவாகவே நின்றது. ஸ்டீயரிங் யாரோ ஒரு குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் ஆனது.

இப்போது அந்தத் திசையிலிருந்து ஹாரன் வருகிறது.

மத்தியானம் மூன்றாவது தடவை கேட்டபோது தம்தின் மாமா கடையைச் சாத்தினார். இருக்கையைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு மலைப்பக்கம் நடந்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், இருக்கை முதுகுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னார். அவருக்குக் கொஞ்சம் பின்னால் முடிவெட்டும் கடைக்காரி கண்ணாடியை அங்கிக்குள் மறைத்தபடி போனாள். ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரியே நடந்தார்கள்.

பள்ளி விட்டு வந்த செல்மெக், வீட்டுக்குப் பின்னால் துல்கூன் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். பதினேழு வயது, ஓநாய்க்கும் பயப்படமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன். மோட்டார் சைக்கிளின் ஹாரனைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தான். திருப்புளி வழுக்கி வழுக்கி விழுந்தது.

"என்னண்ணா பண்ற?"

"யார்கிட்டயும் சொல்லிடாத. இந்த ஹாரனை நான் டவுன்ல வாங்கல. அந்தச் சிவப்புக் கார்லேருந்து கழட்டினேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஹாரன் எங்கிட்ட இருக்கு செல்மெக். அப்புறம் அது எப்படிடீ அடிக்குது?"

செல்மெக்குக்கு உள்ளே ஓடிப்போய்ப் போர்வைக்குள் புகுந்துகொள்ளத்தான் முதலில் தோன்றியது. அந்த நேரம் பார்த்து மலையில் மறுபடியும் ஹாரன் ஒலித்தது. நேற்றைக்குக் கனமாக இருந்த சத்தம் இப்போது மெலிந்து, கடைசியில் விசும்பலாகி அறுந்தது. கேட்கவே பயமாக இருந்தது. ஆனால் அந்த விசும்பல்தான் அவளை யோசிக்க வைத்தது.

"அண்ணா, நேத்து எப்படிச் சத்தமா இருந்துச்சு? இப்ப ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"எனக்கென்ன தெரியும்?"

"பேய்க்கு பேட்டரி தீருமா?"

துல்கூன் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"அந்தக் கார்ல ஹாரன் இல்ல. அப்ப அடிக்கிறது அது இல்ல, வேற கார். அதுக்குள்ள ஆள் இருக்காங்க. பேட்டரி தீர்ந்துட்டா அவங்க எங்க இருக்காங்கன்னே தெரியாது. பனி விழப்போகுதுண்ணா, கிளம்பு."

அப்பா புல் அறுக்கப் போயிருந்தார். பெரியவர்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்றான் துல்கூன். அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா ஒரு நிமிடம் மலையைப் பார்த்தார். தான் ஆறவிட்ட தேநீர் நினைவுக்கு வந்ததோ என்னவோ, முகம் மாறியது. "நீங்க போய்ப் பாருங்க. ஓவோவைத் தாண்டி இறங்கவேணாம். நான் ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூட சரியாகப் போடாமல் ஓடினார்.

மோட்டார் சைக்கிள் மூடுபனிக்குள் நுழைந்ததும் ஊரின் சத்தம் நின்றுவிட்டது. நாய் குரைப்பதுகூடக் கேட்கவில்லை. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. முதல் வளைவில் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

சக்கரமும் கதவும் இல்லாமல் அந்தக் கார் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது. அதைச் சுற்றி ஊர்க்காரர்கள் திருப்பிக் கொடுத்த சாமான்கள் தள்ளித் தள்ளிக் கிடந்தன. பக்கத்தில் போக யாருக்கும் துணிவில்லை. வேலிக் கதவு ஒரு கல்லில் சாய்ந்திருந்தது. தம்தின் மாமாவின் இருக்கை காரைப் பார்த்தபடி தனியாக நின்றது. அதன்மேல் படையலாக ஒரு கிண்ணம் பால். யாரோ வந்து உட்காரப் போகிறார்கள் என்று காத்திருப்பது போலிருந்தது. செல்மெக் கண்களை மூடிக்கொண்டு அண்ணன் முதுகில் முகத்தைப் புதைத்தாள். பயம் போகவில்லை. வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

ஓவோவில் துல்கூன் நிறுத்தினான். நீலத் துணிகள் ஈரத்தில் கனத்துத் தொங்கின. அந்தப் பதற்றத்திலும் அவன் குவியலை வலமாகச் சுற்றி வராமல் விடவில்லை. செல்மெக்கும் ஒரு கல்லை எடுத்துப் போட்டாள். பிறகு இருவரும் காது கொடுத்தார்கள். காற்றுகூட இல்லை.

"அடிக்கலையே. போயிடலாமா?" என்றான் துல்கூன்.

"நம்ம ஹாரனை அடி."

"இதையா?"

"அடிண்ணா."

அவன் அழுத்தினான். சிவப்புக் காரின் ஹாரன் மலையெல்லாம் எதிரொலித்தது. எதிரொலி அடங்கியது. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அவர்கள் காலடிக்குக் கீழிருந்து, பள்ளத்துக்குள்ளிருந்து, கொசு ரீங்காரம் அளவுக்கு ஒரு சத்தம் பதில் சொன்னது. அத்தோடு அது நின்றுவிட்டது.

கணவாயின் மறுபக்கம், பாதைக்குச் சற்றுக் கீழே, ஒரு சின்ன மஞ்சள் கார் மூக்கைப் பாறையில் குத்தி நின்றிருந்தது. அம்மா ஓவோவைத் தாண்டவேண்டாம் என்று சொன்னது செல்மெக்குக்கு ஞாபகம் இருந்தது. கார் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினாள். உள்ளே நரைத்த தலையோடு ஒரு பெண் இருந்தார். நசுங்கிய தகரத்துக்கு அடியில் அவருடைய கால் மாட்டியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அவர்களைக் கண்டதும் அந்தப் பெண் சிரிக்க முயன்றார், ஆனால் அழுகைதான் வந்தது.

துல்கூன் கதவைப் பிடித்து இழுத்தான். ஜன்னல் திறந்தது, கதவு அசையவில்லை. கயிறும் ஆட்களும் வேண்டும். அவன் ஊர்க்காரர்களுக்கு வழி காட்டக் கீழே போகவேண்டும். யாராவது ஒருவர் இங்கே இருக்கவேண்டும்.

"நான் இருக்கேன்" என்றாள் செல்மெக்.

மோட்டார் சைக்கிளின் சத்தம் தேய்ந்து மறைந்தது. செல்மெக் ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தாள். காரின் உட்புறத்தில் குழந்தைகளின் படங்கள் ஒட்டியிருந்தன. மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து கையசைக்கும் குழந்தைகள். இவரும் தூசிக்காரர்தான். செல்மெக்கின் சட்டைப்பையில் இவர்களைத் திட்டி எழுதிய பேச்சு இருந்தது. கோபம் அப்படியேதான் இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கைகள் பனிக்கட்டியாக இருந்தன. செல்மெக் தன் அங்கியைக் கழற்றி அவருக்குப் போர்த்தினாள். பையிலிருந்த காய்ந்த தயிர்க்கட்டியை அவர் வாயில் வைத்தாள். கல்லாய் இறுகிய அதைக் கடிக்க முடியாமல் அவர் விழித்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்ஸ்பெத்" என்று அந்தப் பெண் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். "செல்மெக்" என்று இவள் சொன்னாள். அதற்கு மேல் இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. மூடுபனி ஜன்னலில் வந்து வந்து உரசியது. ஆட்கள் வரும்வரை இருவரும் கையை விடவில்லை.

ஊரே வந்தது. கூட்டமாக வந்ததால் எல்லோருக்கும் தைரியம் வந்திருந்தது. தம்தின் மாமாவின் லாரியில் கயிறு கட்டி இழுத்துக் கதவைப் பெயர்த்தார்கள். எல்ஸ்பெத்தை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். முதல் வளைவில் லாரி ஒரு நிமிடம் நின்றது. தம்தின் மாமா இறங்கிப்போய்த் தன் இருக்கையை எடுத்து வந்தார். இப்போது அது முதுகுக்கு ஒத்துக்கொண்டது போலும்.

அன்றிரவு பனி கொட்டியது. விடிந்தபோது கணவாய் மூடிவிட்டது. அதைப் பார்த்த அம்மா செல்மெக்கை இழுத்து அணைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை விவாதத்துக்கு எல்ஸ்பெத்தும் வந்தார். காலில் மாவுக்கட்டு. ஓயூன் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைகள் பேசுவதையெல்லாம் ஆங்கிலத்தில் அவர் காதில் சொன்னார். மாகாண மருத்துவமனையில் குழந்தைகள் குளிரில்லாமல் தூங்குவது இவர்கள் திரட்டிய பணத்தால்தான் என்று சன்சார் பேசினான். எல்லோரும் கைதட்டினார்கள். விருந்தாளி எதிரிலேயே இருக்கும்போது செல்மெக் என்ன செய்வாள் என்று பார்த்தார்கள்.

செல்மெக் எழுந்தாள். எழுதி வைத்திருந்த பேச்சை எடுக்கவில்லை.

"நல்லதுக்குத்தான் வர்றாங்க. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா என் ஆட்டுக்குட்டி செத்துப்போச்சு. அவங்க பேர்கூட எனக்குத் தெரியாது, என் பேரும் அவங்களுக்குத் தெரியாது. இவங்க மலையில மாட்டிக்கிட்டாங்க. வராங்கன்னு நமக்குத் தெரியாததால, வரலைன்னும் தெரியல. காசை மட்டும் அனுப்பியிருந்தா இவங்க கால் நல்லா இருந்திருக்கும். யாருக்கும் தெரியாம இப்படி வரக்கூடாது. அவ்வளவுதான்."

கைதூக்கச் சொன்னார் டீச்சர். இரண்டு பக்கமும் சமம். எல்லோரும் முணுமுணுத்தார்கள். அப்போது எல்ஸ்பெத் மெதுவாகக் கையை உயர்த்தினார். வரக்கூடாது என்ற பக்கத்துக்கு.

சன்சாருக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்காகத்தானே நான் பேசினேன் என்று கேட்டான். டீச்சர் எல்ஸ்பெத்தின் பதிலைச் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். "குழந்தைங்க வார்டுக்குக் காசு குடுங்கன்னு வருஷக்கணக்கா கேட்டேன். யாரும் தரல. ஓட்டைக் கார்ல பாதி உலகம் போறேன்னு சொன்னதும் கொட்டிக் குடுத்தாங்க. எங்க ஊர்க்காரங்க அப்படி. பொண்ணு சொன்னதுதான் சரி."

அப்படியானால் இனி வரவே மாட்டீர்களா என்று செல்மெக் கேட்டாள். கேட்டபோது அவள் குரல் சின்னதாகிவிட்டது.

எல்ஸ்பெத் அவளைப் பார்த்துக் கண்சிமிட்டினார்.

மறு கோடையில் மாகாணத்திலிருந்து வரும் வேன் எங்கள் கடைத்தெருவில் வந்து நின்றது. மாவு மூட்டைகளுக்கும் பதினாறு பேருக்கும் நடுவிலிருந்து, கசங்கிய தொப்பியோடு எல்ஸ்பெத் இறங்கினார். எந்த நாள், எந்த வேன் என்று ஒரு மாதம் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் ஊரே வாசலில் நின்றது. முதல் ஆளாக செல்மெக் நின்றாள்.