ஒன்பதாவது நிமிடத்தில் ஓடிப்போனவர்கள்

திங்கட்கிழமை மதியம், பள்ளிக்கூடத்துக் கணினியில் தெரிந்த ஒரு நீலக் கோட்டைப் பார்த்ததும் அறிவுமதிக்குப் பகீர் என்றது. 

அது அவளுடைய பாட்காஸ்டின் கோடு. பாபநாசத்துக்குப் பக்கத்திலிருக்கும் அந்த ஊர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ‘ஊர்க்குருவி’ என்று ஒரு பாட்காஸ்ட் நடத்தினார்கள். பிள்ளைகள் என்றால் இரண்டே பேர்தான். ஒன்று அறிவுமதி, இன்னொன்று பாசித். வாராவாரம் இருவரும் பேசிப் பதிவு செய்வார்கள். சனிக்கிழமை விடிகாலையில் விஜயலட்சுமி டீச்சர் அதை இணையத்தில் ஏற்றி, ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுவார். காபி குடிப்பதற்கு முன்னால் ஒரு வேலையாவது முடிக்காவிட்டால் டீச்சருக்குக் காபி இறங்காது.

முதலில் அறிவுமதி வணக்கம் சொல்லி ஊர்ச் செய்தி வாசிப்பாள். யார் வீட்டு ஆடு காணாமல் போனது, எந்தத் தெருவில் குழாய் உடைந்தது, எந்தப் பேருந்து நேரம் மாறியது என்றெல்லாம் வரும். அடுத்தது பாசித். ‘என்ன சத்தம்?’ என்று ஒரு சத்தத்தைப் போட்டுக் காட்டி, அது எதன் சத்தம் என்று கண்டுபிடிக்கச் சொல்வான். கொஞ்ச நேரம் விட்டு விடையும் சொல்வான். கடைசியில் அறிவுமதி ஒரு கதை சொல்வாள். அவளைப் பொறுத்தவரை அந்தக் கதைதான் சாப்பாடு. மற்றதெல்லாம் ஊறுகாய்.

அன்றைக்குத்தான் டீச்சர் கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து, எத்தனை பேர் கேட்கிறார்கள், எதுவரை கேட்கிறார்கள் என்று காட்டினார். கேட்டவர்கள் அறுபத்து மூன்று பேர். ஐயாயிரம் பேராவது இருப்பார்கள் என்று நினைத்திருந்த அறிவுமதிக்கு அதுவே முதல் அடி. இரண்டாவது அடி அந்த நீலக் கோடு.

“கோடு மேல போச்சுன்னா கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம். கீழ வந்துட்டா, நிறுத்திட்டுப் போயிட்டாங்கன்னு அர்த்தம்” என்றார் டீச்சர்.

கோடு எட்டு நிமிடம் வரைக்கும் மேலேயே போனது. ஒன்பதாவது நிமிடத்தில் தொப்பென்று விழுந்தது. அதற்கப்புறம் எழவே இல்லை. போன வாரத்துக் கோடும் அப்படித்தான். அதற்கு முந்தின வாரத்துக் கோடும் அப்படித்தான்.

ஒன்பதாவது நிமிடத்தில் பேசுவது யார்? அறிவுமதிக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. பாசித்.

பாசித் போன வருடம்தான் நாகூரிலிருந்து வந்தான். அவன் வாப்பா பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் டீக்கடை வைத்திருந்தார். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பாசித் கையை மட்டும் தூக்குவான். வாயிலிருந்து ‘உள்ளேன்’ கூட வராது. பாட்காஸ்டுக்காக மைக் முன்னால் உட்காரும்போது மட்டும் பேசினான். அதுவும் அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பேசினான். மற்ற பிள்ளைகளுக்கு அவன் குரல் எப்படியிருக்கும் என்பதே பாட்காஸ்டைக் கேட்டுத்தான் தெரியும்.

இந்த மெதுப்பேச்சைக் கேட்டுத்தான் எல்லோரும் ஓடுகிறார்கள் என்று அறிவுமதி முடிவு கட்டினாள். அப்படியானால் அவளுடைய கதையை யாருமே கேட்கவில்லை. மூன்று வாரமாகத் தொண்டை வறளச் சொன்ன கதைகள். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் பாசித்தைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

“கணக்கு பொய் சொல்லாது பாசித். நீ பேச ஆரம்பிச்சதும் எல்லாரும் போயிடறாங்க. இந்த வாரம் நீ வேணாம்.”

பாசித் அவளைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தான். “சரி” என்றான்.

சண்டை போட்டிருந்தால் அறிவுமதிக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதில் சண்டைக்கு நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தாள். அந்த நாலும் வீணாய்ப் போயின. மறுநாளிலிருந்து பாசித் மதியச் சாப்பாட்டுக்கு வேறு பக்கம் போய் உட்கார்ந்தான். பதிவு செய்யும் அறைப் பக்கமே வரவில்லை. அவன் எங்கே என்று டீச்சர் கேட்டதற்கு, இந்த வாரம் அவன் வரவில்லை என்று சொன்னாள். அது முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை ‘ஊர்க்குருவி’யில் செய்தி முடிந்ததுமே கதை வந்தது. பாசித் பேசும் இடத்தில் இப்போது அறிவுமதி பேசினாள், ஏற்ற இறக்கத்தோடு, யானை பிளிறும் இடத்தில் யானை மாதிரியே பிளிறி.

திங்கட்கிழமை ஓடோடிப் போய்க் கணினியைத் திறந்தாள்.

ஒன்பதாவது நிமிடம். தொப்.

அறிவுமதி கணினியை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். கோடு அதே இடத்தில்தான் விழுந்து கிடந்தது. யானை பிளிறுவதற்கு இரண்டு வரி முன்னால் மொத்தப் பேரும் போய்விட்டிருந்தார்கள். அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. அப்புறம்தான் அதைவிடப் பெரிய அதிர்ச்சி வந்தது. பாசித் இல்லாதபோதும் கோடு விழுகிறது. அப்படியென்றால் அவனை எதற்காக நிறுத்தினோம்?

உடனே ஓடிப்போய் அவனிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் என்னவென்று சொல்வது? ஏன் எல்லோரும் ஓடுகிறார்கள் என்பதே அவளுக்குத் தெரியவில்லையே. முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தை மெதுவாகக் கீழே நகர்த்தினாள். அங்கே இன்னொரு படம் இருந்தது. எந்த நேரத்தில் கேட்கிறார்கள் என்பதைக் காட்டும் படம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் மட்டும் ஒரு கம்பம் நெட்டையாக நின்றது. மற்ற நேரமெல்லாம் வெறும் புள்ளிகள்தான்.

ஆறு மணிக்கு முன்னாலா? அறிவுமதி அசந்துபோனாள். தன் வயதுப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும்தான் கேட்கிறார்கள் என்று இதுவரை நினைத்திருந்தாள். அந்த நேரத்தில் ஊரில் சேவலைத் தவிர யார் விழித்திருப்பார்கள்? டீச்சரைக் கேட்டாள். அது அவர் வாராவாரம் தவறாமல் ஏற்றிவிடும் நேரம், கைக்கு வந்ததும் யாரோ கேட்டுவிடுகிறார்கள், யாரென்றுதான் தெரியவில்லை என்றார். வீட்டில் அம்மாவைக் கேட்டாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ தூங்கறதால ஊரே தூங்குதுன்னு நெனச்சியா? உங்கப்பா எத்தனை மணிக்கு மோட்டார் கொட்டகைக்குப் போறாருன்னு தெரியுமா உனக்கு?”

தெரியாது. அறிவுமதி எழுந்திருக்கும்போது அப்பா வயலிலிருந்து திரும்பிக் குளித்துக்கொண்டிருப்பார்.

அந்த வாரமும் அறிவுமதி தனியாகத்தான் பதிவு செய்தாள். எதிரில் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்க்காமல் பேசக் கஷ்டப்பட்டாள். சனிக்கிழமை இருட்டோடு எழுந்து அப்பா செந்தில்குமாரின் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள். 

ஆற்றில் தண்ணீர் வந்திருந்தாலும் அவர்கள் வாய்க்கால் வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை. குறுவை நெற்பயிர் பம்புசெட்டை நம்பித்தான் நின்றது. அந்தப் பக்கத்தில் பம்புசெட்டு ஓடுவதற்கான த்ரீ பேஸ் கரண்ட் காலை ஆறு மணிக்குத்தான் வரும். வந்த நிமிடமே மோட்டாரைப் போட்டால்தான் கடைசி வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேரும்.

கொட்டகைக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் பக்கத்து வயல்காரர் மருதையன் பெரியப்பாவும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கரண்டுக்காகக் காத்திருப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை இல்லை. அப்பாவின் கைபேசி டிங் என்றது. அவர் அதை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்தார்.

“வணக்கம், ஊர்க்குருவி பேசுகிறேன்” என்றது அறிவுமதியின் குரல்.

நான்கு பேரும் வாயே திறக்காமல் கேட்டார்கள். ஆடு கிடைத்துவிட்டது என்ற செய்திக்கு மருதையன் பெரியப்பா தலையாட்டினார். அறிவுமதிக்குப் பெருமை தாங்கவில்லை. கதை ஆரம்பித்தது. ராஜா குதிரையில் ஏறினான். காட்டுக்குள் போனான். அங்கே ஒரு குகை. குகைக்குள்ளிருந்து ஒரு...

கொட்டகைச் சுவரில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று சின்ன விளக்குகள் ஒன்றாக எரிந்தன.

நான்கு பேரும் எழுந்தார்கள். மூன்று பேர் ஆளுக்கொரு திசையில் தங்கள் கொட்டகைகளைப் பார்த்து ஓடினார்கள். அப்பா கைபேசியை ஒரே அழுத்தில் நிறுத்திச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பச்சைப் பொத்தானைத் தட்டினார். மோட்டார் கத்த ஆரம்பித்தது.

 ஒன்பதாவது நிமிடம். கோட்டை விழவைத்தவர் அவளுடைய சொந்த அப்பா.

வெளியே வந்ததும், கதையின் மீதியை அப்புறமாவது கேட்பாரா என்று கேட்டாள். அப்பா பிடரியைச் சொறிந்தார். வேலையில் மறந்துபோய்விடுமாம்.

“அப்புறம் எப்படிப்பா போன வாரம் கதை நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்க?”

“நல்லாதாம்மா இருந்துச்சு. கரண்டு வர்ற வரைக்கும்.”

மோட்டாரைப் போட்டுவிட்டு மண்வெட்டியோடு திரும்பி வந்த மருதையன் பெரியப்பா அவளைப் பார்த்து நின்றார்.

“ஏம்மா, அந்தச் சத்தம் போடற தம்பி எங்க? ரெண்டு வாரமா காணோமே. அவன் சத்தத்தைப் போடுவான், விடை சொல்றதுக்குள்ள கரண்டு வந்துடும். அது என்ன சத்தமா இருக்கும்னு நானும் உங்கப்பாவும் நாள் பூரா வரப்புல நின்னு அடிச்சுக்குவோம். இப்ப பேச விஷயமே இல்லாம இருக்கு.”

அறிவுமதிக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளையாக மோட்டார் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

வரப்பிலேயே ஓடிச் சாலையைப் பிடித்து, நேராக டீக்கடைக்குப் போனாள். பாசித் கண்ணாடி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க, தண்ணீர்த் தொட்டியில் ஆரம்பித்து மூன்று விளக்கு வரைக்கும் சொல்லி முடித்தாள்.

“கோடு விழுந்தது நெசம். உன்னாலதான் விழுந்துச்சுன்னு கோடு சொல்லல பாசித். நான்தான் சொன்னேன். தப்பு என்மேலதான். என்னை மன்னிச்சிரு.”

பாசித் இன்னும் மூன்று டம்ளர் கழுவினான். அறிவுமதி அசையாமல் நின்றாள்.

“உங்கப்பாவேவா... உன்னை... நிறுத்திட்டாரு?” என்று கடைசியில் கேட்டான்.

“பாதி வார்த்தையில.”

பாசித் சிரித்துவிட்டான். அவன் சத்தமாகச் சிரித்து அறிவுமதி கேட்டதே இல்லை. கடைக்குள்ளிருந்த அவன் வாப்பாவே எட்டிப் பார்த்தார்.

இனிமேல் வணக்கத்துக்கும் முன்னால் அவனுடைய சத்தம்தான் வர வேண்டும் என்றாள் அறிவுமதி. முதல் இடத்தை விட்டுக்கொடுப்பது அவளுக்குச் சுலபமாக இல்லை. ஆனாலும் கொடுத்தாள். பாசித் கொஞ்சம் யோசித்தான். சத்தத்தை முதலில் போட்டு, விடையைக் கடைசியில் வைக்கலாமே என்றான். அறிவுமதி அவனை வியப்போடு பார்த்தாள். இவ்வளவு தந்திரம் இவனுக்குள் எங்கே இருந்தது? கதையைப் பாதியாகக் குறைக்கவும் அவளே ஒப்புக்கொண்டாள். அது மட்டும் பல் பிடுங்கிய மாதிரி வலித்தது.

பிறகு பாசித் வாப்பாவின் கைபேசியை எடுத்து ஒரு சத்தத்தைப் போட்டுக் காட்டினான். சொர்ர்ர் என்று இழுத்தது. நடுநடுவே களக், களக் என்றது. பாட்காஸ்டிலிருந்து நிறுத்தப்பட்ட பிறகும் அவன் சத்தம் பிடிப்பதை நிறுத்தவில்லை. அது என்னவென்று எவ்வளவு கேட்டும் அறிவுமதியிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை அறிவுமதி பாசித்தையும் மோட்டார் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். சத்தம் ஒலித்தது. அப்பளம் பொரிகிறது என்றார் அப்பா. தகரத்தில் தூறல் விழுகிறது என்றார் ஒருவர். எருமை அசைபோடுகிறது என்று மருதையன் பெரியப்பா பந்தயமே கட்டினார். பாசித் தன் காலைப் பார்த்தபடி நின்றான்.

மூன்று விளக்கும் எரிந்தன. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். அப்பாவின் விரல் கைபேசிக்குப் போனது. போய், அப்படியே நின்றது. அவர் அதை நிறுத்தவில்லை. பச்சைப் பொத்தானைத் தட்டிவிட்டு, கைபேசியைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு வெளியே நடந்தார். அறிவுமதி திகைத்துப்போய்ச் சுற்றிலும் பார்த்தாள். வரப்பில் போன ஒவ்வொருவரும் தன் கைபேசியில் அதைத் திறந்து காதில் வைத்திருந்தார்கள்.

கைபேசிகளில் பாசித்தின் குரல் நிதானமாக விடை சொன்னது. வெடித்துக் கிடக்கும் மண் தண்ணீர் குடிக்கும் சத்தம் அது. மோட்டார் பக்கத்தில் நின்றால் கேட்காது. கடைசி வயலுக்குப் போனால் கேட்கும்.

“தெனம் தண்ணி பாய்ச்சுறேன், எனக்குத் தெரியாதா” என்று முனகிக்கொண்டே மருதையன் பெரியப்பா கடைசி வயலுக்கு நடந்தார். தண்ணீர் அங்கே வந்து சேர்ந்தபோது குந்தி உட்கார்ந்து காதைச் சாய்த்தார். அவர் வாய் திறந்தது, மூடவில்லை. கையை ஆட்டி மற்றவர்களையும் கூப்பிட்டார்.

திங்கட்கிழமை டீச்சரும் கணினி முன்னால் குனிந்து பார்த்தார். ஒன்பதாவது நிமிடத்தில் கோடு கொஞ்சம் சரிந்தது. பிறகு மேலே ஏறியது. மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

அன்று மதியத்துக்குள் செய்தி பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. வகுப்பில் எல்லோரும் பாசித்தைச் சூழ்ந்துகொண்டார்கள். மண் எப்படிக் குடிக்கும், களக் என்று ஏன் வருகிறது, அடுத்த சத்தம் என்ன என்று கேள்வி மேல் கேள்வி. பாசித் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான், மெதுவாக, கையை ஆட்டி ஆட்டி. கணக்கு வாத்தியார் இராஜாங்கம் சார் வந்து கரும்பலகையில் தேதி எழுதி முடித்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தான்.

“பாசித், பேச்சை நிறுத்து” என்றார் சார்.

வகுப்பே அதிர்ந்துபோய்த் திரும்பிப் பார்த்தது. அந்தப் பள்ளியில் யாரும் அவனிடம் அப்படிச் சொன்னதே இல்லை. பாசித் எழுந்து நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, “சரி சார்” என்றான்.