கேபினுக்கு அடியில் இருந்தது

நேற்று மாலை முறுக்கி வைத்த ஆறு போல்ட்டுகளும் தளர்ந்திருந்தன. ஒவ்வொன்றும் சரியாக ஒரு சுற்று.

வெர்லின் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம். நெப்ராஸ்கா சமவெளியில் தடுப்பே இல்லாமல் ஓடிவரும் காற்று பொடிப்பனியை அள்ளி ஷெட்டின் தகரச் சுவரில் உரசிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பின் நெடி தரையோடு படிந்திருந்தது. குளிரில் கேபினைத் தாங்கும் ரப்பர் புஷ் சுருங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் முறுக்கினான்.

மேலே கேபினுக்குள் சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. ஒரு ஆள் சாய்ந்து உட்கார்ந்தால் எழுமே, அந்தச் சத்தம்.

ஊர்ந்து வெளியே வந்து எட்டிப் பார்த்தான். காலியாக இருந்தது. அப்பாவின் 1953ஆம் வருஷத்து பிக்கப்பின் கேபின் அது. நாற்பது ஆண்டுகள் மேய்ச்சல் நிலத்தில் கிடந்ததால் எலிக்கூடும் துருவும்தான் அதில் நாறும். இப்போது புதினா சூயிங்கம் மணத்தது. இப்போதுதான் வாயில் போட்டு மென்றதைப் போல.

அவன் முகம் சூடேறியது. பயத்துக்கு முன்னால் வந்தது வெட்கம்.

டேரின், தங்கை ஆர்லிஸின் ஒரே மகன். எந்நேரமும் புதினா சூயிங்கம் மெல்லுவான். மூன்று வருஷத்துக்கு முன் உறைபனியில் வண்டி சறுக்கி, பள்ளத்தில் கவிழ்ந்து செத்துப்போனான். "அந்த வண்டியில ஒரு துண்டுகூட ரோட்டுல ஓடக் கூடாது அண்ணே. நீயே பக்கத்துல நின்னு நசுக்கிடு" என்று கேட்டிருந்தாள் அவள். நசுக்கியாயிற்று என்றான் வெர்லின். இரும்பு எப்படி முனகியது என்றுகூட விவரித்தான். அவள் அவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். மேல்பாகம்தான் நொறுங்கியிருந்தது, அடிச்சட்டமான சேசிஸ் அம்பு போல நேராக இருந்தது, எஞ்சினில் கீறல் இல்லை. நசுக்க மனசு வரவில்லை. தார்ப்பாய் போட்டு மூடி வைத்தான். இப்போது அதன்மேல் பழைய கேபினைப் போட்டு மூடியிருக்கிறான்.

ஷெட் கதவு திறந்தது. கையில் மூடிய பாத்திரத்தோடு ஆர்லிஸ்.

"என்ன அண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்ல. நீ எங்க இந்தப் பனியில?"

"அவன் பொறந்த நாளு இன்னைக்கு. வீட்ல தனியா இருக்க முடியல." பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தவள் வண்டியைப் பார்த்தாள். "அடேயப்பா! நம்ம அப்பா வண்டியேதான்! இதத்தான் ஆறு மாசமா எனக்குக் காட்டாம ஒளிச்சு வச்சிருந்தியா?"

"மேல மட்டும்தான் பழசு. அடியில எல்லாம் புது வண்டியோடது."

"யாரு வண்டியோடது?"

"ஒமாஹா பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில கெடச்சுது."

நாக்கு கூசவில்லை. அதுதான் அவனைக் கூசவைத்தது.

"ஒரு தடவ ஏறி உக்காந்துக்குறேன்."

"வேண்டாம் ஆர்லிஸ். போல்ட்டெல்லாம் இன்னும் சரியா..."

"போல்ட்டு கெடக்குது, போ."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், அந்த முனகல் சத்தத்தை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்பாள். வெர்லின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஸ்டீரிங்கைச் சின்னப்பிள்ளை போல அப்படியும் இப்படியும் திருப்பிச் சிரித்தாள். சட்டென்று கை நின்றது. பக்கத்து இருக்கையை நோக்கித் திரும்பினாள். முதலில் குழப்பம். பிறகு மூன்று வருஷமாக இறுகிக் கிடந்த முகம் கரைந்து இளகியது. உதடுகள் அசைந்தன. என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை.

வெர்லின் கதவை இழுத்தான். பூட்டே இன்னும் பொருத்தாத கதவு. அசையவில்லை.

மறுபக்கத்துக் கதவின் கண்ணாடி இறங்கியிருந்தது. ஓடினான். அவன் போய்ச் சேர்வதற்குள் உள்ளே இருந்த கைப்பிடி சுழலத் தொடங்கியது. எந்தக் கையும் இல்லை. நிதானமாகச் சுழன்றது. கண்ணாடி ஏறியது. மூடியது.

ஆர்லிஸ் காலி இருக்கையின் பக்கம் காதைச் சாய்த்திருந்தாள். கேட்டாள். தலையாட்டினாள். மறுபடி கேட்டாள். சிரிப்பு மெல்ல அணைந்தது.

"ஆர்லிஸ்! நான் சொல்றேன்! நானே சொல்லிடுறேன்!"

வண்டியின் முன்னால் வந்து பானட்டை அறைந்தான். நடுவில் கம்பி ஓடி இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கும் முன்கண்ணாடியில் உள்ளே ஆவி படர்ந்துகொண்டிருந்தது. அவள் பக்கம். மற்றப் பக்கமும். இரண்டும் வெளுத்தன. ஒன்றும் தெரியவில்லை.

பிறகு அவள் பாதியில், சட்டைக்கையால் துடைத்த வட்டத்துக்குள், அவள் கண்கள் தெரிந்தன. அவனையே பார்த்தன. கோபம் இல்லை. முன்பின் அறியாதவனைப் பார்ப்பது போல.

மற்றப் பாதியிலும், உள்ளிருந்து, ஒரு வட்டம் மெல்லத் துடைக்கப்பட்டது.