மல்லாந்து கிடந்தவன்

எல்லாரும் குப்புறத்தான் கிடக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அப்படியும் ஒருவன் மல்லாந்து கிடந்தான்.

ஜெரூஷா அவனைப் பார்த்தது வானத்திலிருந்து. அவள் என்னவோ ஏரிக்கரையின் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் முகத்தை இறுக்கிப் பிடித்திருந்த கறுப்பு காகிள்ஸுக்குள் வெளிச்சம் புக ஓர் இடுக்குகூடக் கிடையாது. அதற்குள் தெரிந்ததெல்லாம் மாடல் விமானத்தின் மூக்கில் இருந்த சின்னக் கேமரா காட்டிய காட்சி மட்டும்தான்: வெடித்துக் காய்ந்த ஏரித் தரை, சாய்ந்து கிடக்கும் மாட்டு வண்டி, கரி பூசிய ஒற்றைப் பனைமரம், அதைச் சுற்றிப் பிணங்கள். மடியிலிருந்த ரிமோட்டில் அவள் கட்டைவிரலை ஒரு மயிரிழை நகர்த்தினால் அந்த உலகமே ஒரு பக்கமாகச் சரிந்தது.

பிணங்கள் எல்லாம் துணை நடிகர்கள். உலகப் போரின்போது ரங்கூனிலிருந்து நடந்தே தப்பி வந்த தமிழர்களைப் பற்றிய படம். நடந்து வந்தவர்களைச் சுட்டுத் தள்ளிவிட்டு எதிரி விமானம் இன்னொரு முறை தாழப் பறந்து போகிறது. இதுதான் இன்றைய காட்சி. கம்ப்யூட்டரில் செய்துகொள்ளலாம் என்று எல்லாரும் சொல்லியும் டைரக்டர் ஸ்ரீநிவாசராகவன் கேட்கவில்லை. விமானத்தின் நிழல் உடல்களின் மேல் ஏறி இறங்கிப் போக வேண்டும், அது நிஜ நிழலாக இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதனால்தான் ஜெரூஷாவையும் அவள் அண்ணன் ஐசக்கையும் கூப்பிட்டிருந்தார்கள். கட்டிலைவிட நீளமான இறக்கைகளோடு அந்த விமானத்தைச் சேலையூர் வீட்டு மாடியில் வைத்துச் செய்தவன் ஐசக். ஓட்டுவது அவள். தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருப்பதால் அந்தப் பக்கம் எதையும் பறக்கவிட முடியாது. படப்பையைத் தாண்டி இந்த வறண்ட ஏரியைத் தேடிப் பிடித்திருந்தார்கள்.

"அண்ணா, ஒருத்தர் திரும்பிப் படுத்திருக்காரு. பனைமரத்துப் பக்கத்துல."

காகிள்ஸ் போட்டு ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் கண் திறந்த ஒருவர் நிற்க வேண்டும். கம்பி இருக்கிறதா, பருந்து வருகிறதா, யாராவது குறுக்கே வருகிறார்களா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஐசக் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான். அவன் அங்கே நிற்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை. அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு. ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் மெல்லிய விசில் ஒன்று கேட்கும். காதுக்கு மேலே அந்த விசில் கேட்கும்வரை அவளுக்குக் கவலை இல்லை.

"வெயில் கண்ணுல அடிக்குது ஜெரு, எனக்குத் தெரியல. இரு," என்றவன் வாக்கி டாக்கியில் உதவி இயக்குநரைக் கூப்பிட்டான். "குமரவேல், பனைமரத்துக்கிட்ட ஒருத்தர் மல்லாந்து படுத்திருக்காராம்."

வாக்கி கரகரத்தது. "இல்லண்ணா, எல்லாரும் குப்புறத்தான். நானே ஒரு ரவுண்டு பார்த்துட்டேன். மூஞ்சி தெரிஞ்சா புழுதிக்குக் கண்ணு சிமிட்டிருவாங்கன்னுதானே குப்புறப் படுக்கச் சொன்னோம்."

அவள் விமானத்தை இன்னொரு முறை தாழக் கொண்டுவந்தாள். காட்சிக்காக வைத்திருந்த பெரிய மின்விசிறிகள் கிளப்பிய செம்புழுதி அலை அலையாகத் தரையைத் தடவிப் போனது. பனைமரம் நெருங்கியது. அவன் அங்கேதான் கிடந்தான். மற்றவர்களைப் போலவே மண் நிறக் கந்தல். முகம் மட்டும் வானத்தைப் பார்த்து. புழுதி அவன் முகத்தின் மேல் ஏறிப் போனது.

அவன் கண் சிமிட்டவில்லை.

விமானத்தை இறக்கியதும் டைரக்டரின் கூடாரத்துக்குப் போய், படப்பிடிப்புக் கேமராவின் கார்டில் பதிவானதைப் பார்த்தாள். நிழல் அழகாக ஏறி இறங்கிப் போயிருந்தது. பனைமரத்தருகே முதுகுகள்தான் தெரிந்தன. அவன் கிடந்த இடத்தில் வெறும் தரை. காகிள்ஸுக்கு வரும் படம் எப்போதுமே கொஞ்சம் புள்ளியடிக்கும், இழுபடும்; அதில் எதையோ பார்த்து மனுஷன் என்று நினைத்துவிட்டோம் போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொண்டதில் மனசு கொஞ்சம் அடங்கியது.

"லைட் சூப்பரா இருக்கும்மா. இன்னும் ஒரே ஒரு டேக்," என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

டீ வாங்கிக்கொண்டு கரைக்குத் திரும்பும்போது, நெற்றியில் சிவப்புச் சாயம் வழிய உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் அவளைக் கூப்பிட்டாள். எல்லம்மா என்று பெயர். பல்லாவரத்திலிருந்து வேனில் வந்த துணை நடிகைகளில் ஒருத்தி.

"இன்னா கண்ணு, நீதான் அந்த ஏரோப்ளேன வுடறியா? சோக்கா கீது."

ஜெரூஷா சிரித்தாள்.

"அது இருக்கட்டும். மேலேர்ந்து பாக்கசொல்லோ என் பக்கத்துல ஒரு ஆளு படுத்துகினு இருந்தானே, பாத்தியா? பனமரத்தாண்ட?"

ஜெரூஷா டீயைக் கீழே வைத்தாள். "ஏன்க்கா?"

"எங்க வேன்ல வந்த ஆளு இல்ல. அவ்ளோ நேரம் படுத்துகினு இருந்தோம், ஒரு மூச்சு வுடற சத்தம் கேக்கல. கை லேசா என் மேல பட்டுச்சு. இந்த வெயில்ல, ஐஸு மாரி கீது. டைரக்டரு 'கட்'டுன்னதும் எய்ந்து திரும்பிப் பாக்கறேன், ஆளக் காணோம். புழுதில படுத்த அச்சுகூட இல்ல." எல்லம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நான் வேற எடம் மாத்திக்கினேன்."

கரையில் ஐசக் விமானத்துக்குப் புது பேட்டரி மாட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய மஞ்சள் சட்டை முதுகில் வியர்வையால் ஒட்டியிருந்தது.

"அண்ணா, போயிரலாமா?"

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் கேலி செய்யவில்லை. "என்னாச்சு?" என்றான். சொன்னாள். அவன் ஏரியை ஒரு முறை நன்றாகப் பார்த்தான். துணை நடிகர்கள் மறுபடியும் ஒவ்வொருவராகப் படுத்துக்கொண்டிருந்தார்கள். கூடாரம், வேன்கள், ஜெனரேட்டர் எல்லாம் அக்கரையில். இந்தக் கரையில் அவர்கள் இரண்டு பேரும் சீமைக்கருவேலமும்தான்.

"ஒரே ஒரு ஷாட் ஜெரு. பாதியில விட்டுட்டுப் போனா அடுத்து யாரு நம்மளக் கூப்பிடுவா? நான் பக்கத்துலயே நிக்கறேன்ல."

அவள் காகிள்ஸை மாட்டிக்கொண்டாள்.

விமானம் ஏறியது. சூரியன் தாழ்ந்து, ஏரி முழுக்கச் செம்பு நிறமாகியிருந்தது. ஒவ்வொரு உடலுக்கும் பக்கத்தில் அதைவிட நீளமாக ஒரு நிழல். மின்விசிறிகளின் உறுமல் காற்றில் வந்து வந்து போனது. டயர் எரித்த புகையின் நாற்றமும் அடியில் எங்கோ அழுகிய ஆகாயத்தாமரையின் வாடையும் மூக்கில் ஏறின. காதுக்கு மேலே ஐசக்கின் மூச்சு விசிலடித்துக்கொண்டிருந்தது.

பனைமரத்தருகே யாரும் மல்லாந்து கிடக்கவில்லை. அவள் மூச்சு விட்டாள்.

விமானத்தைத் திருப்பும்போது பார்த்தாள். ஏரிக்கு நடுவில், மற்ற எல்லாரையும் விட்டு விலகி, கரையைப் பார்க்கக் கால் நீட்டி அவன் கிடந்தான். அதே கந்தல். அதே முகம்.

நிழல் இல்லாமல்.

"அண்ணா. நடுவுல. வண்டிக்கு இந்தப் பக்கம்."

"வண்டிக்கு இந்தப் பக்கம் யாருமே இல்லையே ஜெரு."

"இருக்கான்."

காகிள்ஸைக் கழற்றிவிடலாம். ஒரு கையால் இழுத்தால் போதும். ஆனால் விமானம் அப்போது படுத்திருப்பவர்களின் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. கட் சொல்லும்வரை அசையாதே என்று சொல்லி வைக்கப்பட்டவர்கள். மண்ணில் முகம் புதைத்தவர்கள். தடுமாறி விழுந்தால் விமானத்தின் சுழலும் விசிறி யார் கழுத்தில் இறங்கும் என்று சொல்ல முடியாது. அவள் ஓட்டினாள். வேறு வழியில்லை. வட்டம் போட்டுத் திரும்பி வந்தாள்.

இப்போது அவன் கரையின் சரிவில் கிடந்தான். அவள் நாற்காலிக்கு நேர் கீழே.

"அண்ணா, கீழ! நமக்குக் கீழ, சரிவுல!"

நாற்காலியின் முதுகிலிருந்து ஐசக்கின் கை எடுபடுவதை உணர்ந்தாள். "பயப்படாத. நான் இறங்கிப் பார்த்துட்டு வந்துர்றேன். நீ மேல ஏத்தி வட்டம் போட்டுட்டே இரு."

"போகாத. அண்ணா, போகாத."

"ரெண்டு எட்டுதான் ஜெரு."

காய்ந்த மண்கட்டிகள் அவன் செருப்பின் கீழ் நொறுங்கும் சத்தம் இறங்கிக்கொண்டே போனது. கூடவே அந்த விசிலும். மெலிந்தது. இன்னும் மெலிந்தது.

நின்றது.

"அண்ணா?"

காற்று. தூரத்தில் மின்விசிறி. அவ்வளவுதான். அவள் விமானத்தை உயரே ஏற்றினாள். தொடுவானம் குலுங்கியது. கீழே தரை ஒரு பழுப்புத் துணி மாதிரி ஆனது. மனிதர்கள் அதில் ஒட்டிய பருக்கைகள். யார் எங்கே என்று தெரியவில்லை. வாக்கி ஐசக்கின் இடுப்பில் இருந்தது. "குமரவேல்!" என்று கத்திப் பார்த்தாள். மின்விசிறிகளின் உறுமலைத் தாண்டி அக்கரைக்கு எப்படிக் கேட்கும்?

மண்கட்டி நொறுங்கியது.

காலடிகள். மேலே வந்தன. நிதானமாக. நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றன.

"யாருமே இல்ல ஜெரு." ஐசக்கின் குரல்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "கூப்பிட்டேன்ல, ஏன் பதில் சொல்லல?"

"யாருமே இல்ல ஜெரு."

"சரி. சரி. நீ உட்காரு, மேடு ஏறி வந்திருக்க. இன்ஹேலர் எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்."

நல்லது என்று சொல்ல வாயெடுத்தாள். இன்ஹேலர் அவள் கைப்பையில் இருந்தது. கைப்பை அவள் பாதங்களுக்கு நடுவில் இருந்தது.

காது கொடுத்தாள். அவ்வளவு செங்குத்தான சரிவில் ஏறி வந்த மனுஷனின் மூச்சைத் தேடினாள். விசில் இல்லை. மூச்சே இல்லை.

தோளில் ஒரு கை வந்து அமர்ந்தது. சட்டைத் துணியைத் தாண்டிக் குளிர் இறங்கியது.

"இறக்கு ஜெரு. போதும்."

அவள் அசையவில்லை. கட்டைவிரல்கள் மட்டும் தானாக வேலை செய்தன. விமானம் சரிந்து, மூக்கைத் தாழ்த்தி, கரையை நோக்கித் திரும்பியது. பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள். ஆனால் கண்ணுக்கு முன்னால் இருந்தது அது ஒன்றுதான். மூடினால் விமானம் விழும். கீழே ஆட்கள்.

சரிவு நெருங்கியது.

மஞ்சள் சட்டை.

ஐசக் மல்லாந்து கிடந்தான். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டி, யாரோ ஒழுங்குபடுத்தி வைத்தது மாதிரி. வாய் லேசாகத் திறந்திருந்தது. விமானம் அவன் மேல் தாழப் போனபோது அதன் காற்றில் புழுதி எழுந்து அவன் திறந்த கண்களில் விழுந்தது.

சிமிட்டவில்லை.

"அண்ணா," என்றாள். சத்தம் வரவில்லை.

"இங்கதான் இருக்கேன்," என்றது காதருகில்.

காகிள்ஸின் மூலையில் பேட்டரி எண் சிவப்பாக மாறி மினுக்கத் தொடங்கியது. ரிமோட் கீச் கீச்சென்று எச்சரித்தது. மின்விசிறிகள் நின்றன; அக்கரையில் யாரோ கைதட்டியது கேட்டது. ஷாட் நன்றாக வந்திருக்கிறது. பருக்கைகள் எழுந்து உட்கார்ந்தன, புடவையைத் தட்டிக்கொண்டன, வேன்களைப் பார்த்து நடந்தன. இப்போது கீழே யாரும் இல்லை. இப்போது கழற்றலாம்.

கழற்றினால் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இது பறக்கும்வரை பார்க்க வேண்டியதில்லை. அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது. இன்னும் கொஞ்சம் பறக்கட்டும். இன்னும் கொஞ்சம். உயரே ஏற்றினாள். விமானத்து விசிறியின் வேகம் குறைந்தது. ஏறவில்லை. மறுபடி முயன்றாள். ஏறவில்லை. விமானம் தன் பாட்டுக்கு இறங்கத் தொடங்கியது. பேட்டரி தீர்ந்தால் தானாகத் திரும்பி இறங்கும்படி ஐசக் அமைத்து வைத்த பாதையில், கரையை நோக்கி, அவளை நோக்கி.

கருவேலம். கரைமேடு. நாற்காலி.

நாற்காலியில் அவள். சின்னதாக, கறுப்புக் கட்டு கட்டிய தலை குனிந்து.

பின்னால் அவன்.

கந்தல் காற்றில் ஆடவில்லை. ஒரு கை அவள் தோளில். அவன் அவளைப் பார்க்கவில்லை. கழுத்தை முழுக்கப் பின்னால் சாய்த்து, அண்ணாந்து, இறங்கி வரும் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேராக அவள் கண்ணுக்குள்.

படம் இழுபட்டது. தெளிந்தது. முகம் பெரிதானது.

அவன் உதடுகள் அசைந்தன. அதே நொடியில், அவள் காதில், ஐசக்கின் குரல்.

"வந்துட்ட ஜெரு."

தோளிலிருந்த கை மெல்ல மேலே ஏறியது. படத்திலும் ஏறியது. கழுத்தைத் தாண்டி, கூந்தலைத் தாண்டி, காகிள்ஸின் வாரைத் தேடிப் பிடித்து, குளிர்ந்த விரல்களால் அதைத் தளர்த்தத் தொடங்கியது.