கீழ்க்குட்டைக்குப் போன தண்ணீர்

"தண்ணிக்குள்ள மீனுக்கு மூச்சு முட்டுமாப்பா?" என்று மகள் மயிலாள் போன கோடையில் கேட்டபோது கந்தவேல் சிரித்துவிட்டான். "தண்ணியில பொறந்ததுக்கு எப்படிக் கண்ணு மூச்சு முட்டும்?"

இப்போது அடுக்களைக் குடத்துக்குள் ஒரு சத்தம் கேட்டது. ப்ளப். வாய் திறந்து மூடும் சத்தம். மூடியைத் தூக்கினான். தெளிந்த தண்ணீர். மீன் வாடை.

அது தொண்ணூற்றொன்று கார்த்திகை. வீரபாண்டிக்குத் தெற்கே இரண்டு வாரமாக வெயில் இல்லை; துவைக்காத பனியன் துணி போல வானம் தோட்டத்தின்மேல் தொங்கியது. குளிர் இறங்கியதும் அவன் குட்டைக் கெண்டைகளின் உடம்பில் செம்புண்கள் வெடித்திருந்தன. சுண்ணாம்பு போட்டு அந்தத் தண்ணீரை அவன் அங்கேயே தேக்கியிருக்க வேண்டும். தேக்கவில்லை. மடையைத் திறந்து பக்கத்துத் தோட்டத்துப் பழனாத்தாளின் கீழ்க்குட்டைக்கு விட்டுவிட்டு, தன் குட்டையில் கிணற்றுநீரை நிரப்பிக்கொண்டான். கோடையில் அவன் கிணறு வற்றியபோது, "மீனும் உசுருதானுங்க தம்பி" என்று மூன்று நாள் தண்ணீர் பாய்ச்சியவள் அவள்.

எட்டே நாளில் அவள் மீன்கள் மிதந்தன.

"சாயப்பட்டறைக்காரன், எம்பட மீனுக்கும் செவப்புச் சாயம் முக்கி எக்ஸ்போர்ட்டுக்கு அனுப்பப் பாத்தானாட்ட இருக்குதுங்க தம்பி," என்றாள் பழனாத்தாள், கையெல்லாம் சுண்ணாம்போடு. சிரிப்பு பாதியில் நின்றது. "பூராத்தையும் பொதைச்சு, தண்ணியையும் எறைச்சுட்டேன். குட்டையில ஒரு குஞ்சுகூட இல்லீங்க."

"ஆமாங்கக்கா. சாயத்தண்ணிதானுங்க," என்றான் கந்தவேல்.

அன்று மாலை குடத்தில் தொடங்கியது. மறுநாள் தொட்டியில். அதற்கடுத்த நாள் குடிக்கத் தூக்கிய சொம்பில், உதட்டுக்கு வெகு அருகில்.

நான்காம் நாள் பழனாத்தாள் ஊத்துக்குளிக்கு மகளைப் பார்க்கப் போனாள். மதியம், ஆள் அரவமற்ற நேரத்தில், கந்தவேல் மோட்டாரைப் போட்டு ரப்பர் குழாயைக் கீழ்க்குட்டைக்கு இழுத்தான். கிணற்றில் மிஞ்சியிருந்தது ஒரு குட்டைக்கான நல்ல தண்ணீர்தான். அவளுக்கே போகட்டும்.

தண்ணீர் விழுந்த இடத்தில் ஒரு குமிழி. ப்ளப்.

பிறகு நூறு.

வாய்கள். சுண்ணாம்பு அப்பிய உதடுகள். புண் தின்ற கன்னங்கள். எல்லாம் அவன் பக்கம் திரும்பி.

மூச்சை இழுத்தான். வரவில்லை.

வாயைத் திறந்தான். மூடினான். திறந்தான். அவை செய்வது போலவே.

குழாயை விடவில்லை. குட்டை நிறைய இன்னும் இரண்டு முழம் இருந்தது.