ஈரச் சாக்கில் சுற்றிய கட்டி

காலையில் தட்டையாக இருந்த பால்கேன் மூடி, மத்தியானம் பணியாரம் போல உப்பியிருந்தது.

நாராயணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கோட்டையூரின் அந்த வீட்டுக்குள் வெளிச்சம் நுழைந்தால் வழிகேட்டு வழிகேட்டு இரண்டாம் கட்டு முற்றத்திலேயே களைத்துப் படுத்துவிடும். ஐப்பசி மழையில் கரண்டும் போயிருந்ததால் அன்று அது வாசலோடு திரும்பிவிட்டது. நனைந்த சுண்ணாம்பு வாசனை, வௌவால் வாசனை, ஓட்டிலிருந்து தாம்பாளத்தில் சொட்டும் ஒழுக்கு, இவற்றுக்கெல்லாம் அடியில், கேனுக்குள் யாரோ பொறுமையாக வேர்க்கடலை உடைப்பது போல ஒரு சின்னச் சத்தம். டிக். நெடுநேரம் கழித்து, டிக்.

கேன் இராமுவுடையது. சித்தப்பா மகன், காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருப்பவன். பொது வீட்டில் ஆளுக்கோர் அறை பங்கு, அவனுடையது அடுத்த அறை. சித்திரையில் பழைய இரும்போடு வந்ததென்று ஒரு கறுத்த கட்டியைக் கொண்டுவந்தான். தேங்காய் அளவுதான், தூக்கச் சொன்னால் கோயில் யானையே ஒருதரம் யோசிக்கும். என்ன உலோகமென்று அரத்தால் உரசிப் பார்த்தான். மத்தாப்பாகப் பொறி பறந்தது. பொறி அடங்கட்டும் என்று ஈரச் சாக்கில் சுற்றிக் கேனில் போட்டு, ரப்பர் வளையம் வைத்த மூடியைக் கொக்கி மாட்டி இறுக்கினான். தன் அறையில் இடமில்லையாம்.

"உங்களை விட்டா எனக்கு யாருண்ணே இருக்கா? வாங்குற ஆள் வர்ற வரைக்கும் உங்க அறையில இருக்கட்டும்."

புரட்டாசி முழுக்க மகள் வீட்டில் இருந்துவிட்டு நாராயணனும் மனைவி சீதையும் முந்தாநாள்தான் திரும்பியிருந்தார்கள். உப்பிய மூடியைச் சீதை எட்டிப் பார்த்தாள். குக்கர் மாதிரிதானே, ஆவியை விட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இராமுவுக்குப் போன் செய்தார். மணி அடித்தது. துண்டிக்கப்பட்டது. மறுபடி அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அவன் அறைக் கதவைத் தள்ளினார். பூட்டில்லை.

வெண்கலப் பானைகள் இல்லை. கல்யாணச் சீராக வந்த மரப்பெட்டிகள் இல்லை. சாமி படம் இல்லை. அது மாட்டியிருந்த ஆணியைக்கூடப் பிடுங்கிப் போயிருந்தான், மகராசன். இடமே இல்லாத அறையில் இப்போது ஒரு கல்யாணம் நடத்தலாம்.

உலோக அரிப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் மகன் ஹரீஷை அழைத்தார். பொறி, கனம், ஈரச் சாக்கு எல்லாம் சொன்னார்.

"அப்பச்சி, அது யுரேனியம். கதிர்வீச்சுக் கருவிக்குக் கவசமா வைக்கிறது. ஈரம் பட்டா அரிச்சு ஹைட்ரஜன் வரும். மூடி வச்சா அந்த ஹைட்ரஜனே திரும்பக் கட்டியைத் தின்னு கறுப்புத் தூளாக்கும். காத்துப் பட்டா தூள் தானாப் பத்தும். தண்ணி ஊத்துனா இன்னும் மோசம். திறக்காதீக. ஆத்தாளைக் கூட்டிக்கிட்டு வெளிய போயிருங்க."

இராமு வைத்துவிட்டுப் போனது என்றார் நாராயணன்.

"இராமு சித்தப்பா போன மாசமே இதைக் கேட்டாக, அப்பச்சி. இதே கட்டி, இதே சாக்கு. எல்லாஞ் சொன்னேன். அன்னைக்கே திருப்பிக் கொடுத்துட்டேன்னாகளே."

போன மாதம். தெரிந்துகொண்டுதான் பானைகளை ஏற்றியிருக்கிறான். ஒவ்வொன்றாக, நசுங்காமல், வைக்கோல் சுற்றி. அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்ல மட்டும் அவனுக்கு நேரமில்லை.

சுவருக்கு அப்பால், டக்.

கொக்கி விலகும் சத்தம்.

பிறகு நீளமாக ஒரு சீற்றம்.

"சீதை."

ஓடினார். ஈரத் தரை. விழுந்தார். எழுந்தார். நிலைப்படியைப் பிடித்தார்.

கேன் திறந்திருந்தது. தீ இல்லை. புகையும் இல்லை. பிரித்துப் போட்ட சாக்கின் மடிப்புகளில் சிவப்பாக ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. சீதையின் கையில் தண்ணீர்ச் செம்பு.

கவிழ்த்தாள்.

சொய்ங். ஆவி. இருட்டு.

"பயப்படாதீக, அணைச்சிட்டேன்" என்று சிரித்தாள். சாக்கைப் பிரித்த கைகள் முழங்கை வரை கறுத்திருந்தன. இரண்டையும் முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

போனுக்குள் ஹரீஷ், வெளியே வந்துவிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அவளுக்குப் பின்னால் கேனின் வாய் மெல்லச் சிவந்தது. முந்தானையில், ஈரம் வற்றிய ஓரத்தில், ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது, அவள் விரல் நுனியில்.