ஏழாம் நம்பர் ஜாக்கெட்

செத்த நாயின் ஜாக்கெட்டில் பச்சை விளக்கு இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஜெனிலா எரிச்சலோடு அதை எடுத்து மடியில் போட்டாள். மூட்டுவலி மாத்திரையைப் பதினாலு நாள் கொடுத்துவிட்டு, குட்டிக் காமிரா வைத்த கேப்சூலை விழுங்க வைத்தார்கள் ஏழாம் நம்பர் நாயை. அது குடலுக்குள் எடுத்த படங்களில் பதினொரு புண்களை அவளே எண்ணியிருந்தாள். காலையில் ரத்தமாகப் போய் நாய் செத்தது. வயிற்றோடு ஒட்டிக் கிடந்தால்தான் கேப்சூல் அனுப்பும் படத்தை ஜாக்கெட் வாங்கும்; அப்போதுதான் விளக்கும் மினுங்கும். கேப்சூலோ கழுவி, பாட்டரி தீர்ந்து, தட்டில் கிடந்தது. பிறகு எதற்கு இந்த விளக்கு?

ஜன்னலுக்கு வெளியே உப்பளம் மத்தியான வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. அறைக்குள் துருப்பிடித்த கூண்டுகளின் வாடை, பினாயில் நெடி, அதற்கும் அடியில் நாயின் வாடை. துறைமுகத்தில் கப்பலின் சங்கு நீளமாக ஊதி ஓய்ந்த பிறகு, காலிக் கூண்டுக்குள் எதுவோ எதையோ நக்கும் சத்தம் மட்டும் மிஞ்சியது.

போன் அடித்தது. முதலாளி ராஜதுரை.

"ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டாச்சாம்மா?"

"சார், புண்ணு மாத்திரையாலதான் வந்திருக்கு. படத்துல தெளிவாத் தெரியுது."

"பழைய புண்ணுன்னு எழுது. இல்லேன்னா டோஸக் கூட்டிக் குடுத்தது நீதான்னு நான் எழுதுதேன். பொறவு எங்கன போயி வேல பாப்ப?"

பாவி. தன் வீட்டு ஆளுக்கு இதைக் கொடுப்பானா? நாளைக்கு எத்தனை உப்பளக்காரிகள் முழங்கால் வலிக்கு இதை வாங்கித் தின்பார்கள்! அவனைத் திட்டிக்கொண்டே, 'மருந்தால் பாதிப்பு இல்லை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டாள்.

நக்கும் சத்தம் நின்றது.

கம்ப்யூட்டர் திரை தானாக எரிந்தது. ஈரக் குடல். ஒரு புண். அடுத்த புண். நாயின் குடலைவிட அகலம்.

மடியில் கிடந்த ஜாக்கெட்டை உதறி எறிந்தாள். திரை இருண்டது.

நம்ப முடியாமல் திரும்ப எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். படம் வந்தது.

ஒன்பது. பத்து. பதினொன்று.

கீழே இறங்க வேண்டிய காமிரா மேலே ஏறியது. இரைப்பை. நெஞ்சுக்குழி. தொண்டையில் ரத்தச் சுவை.

அலற வாயைத் திறந்தாள்.

திரையில் பற்கள் விலகின. நடுவே வெளிச்சம். வெளிச்சத்தில் அவள் மேசை. மேசைமேல் மை காயாத அவள் கையெழுத்து.